மந்திரி நழுவ முடியாதபடி கேட்போம்

(எல்லைப் பகுதித் தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாம் எம்.பி.யிடம் மனுக் கொடுக்கிறோம். அவரும் பாராளுமன்றத்தில் கேள்வி போடுகிறார். மந்திரி பதில் சொல்கிறார். பத்திரிகையில் நாலு வரி வருகிறது. படித்துப் பார்த்தால், "பரிசீலனையில் இருக்கிறது", "ஆவன செய்யப்படும்", அவ்வளவுதான்! மந்திரி நழுவிவிட்டார் என்று ஏசுகிறோம். ஏசுவது நியாயம்தான். ஆனால் நழுவுவதற்கு வாசல் எங்கே திறந்திருந்தது என்று பார்க்க வேண்டாமா?

2020ஆம் வருஷத்தை எடுத்துக்கொள்வோம். ஊரடங்கில் வாளையாரிலும் குமுளியிலும் போடிமெட்டிலும் எல்லை அடைபட்டதை நாம் மறக்கவில்லை. நாடெங்கும் பிழைக்கப் போன ஜனங்கள் மூட்டையும் பிள்ளையுமாக நடந்தார்கள். வழியிலேயே மாண்டவர்களும் உண்டு.

செப்டம்பர் 14ஆம் தேதி பாராளுமன்றம் கூடியது. ஊர் திரும்பும் வழியில் எத்தனை தொழிலாளர் இறந்தார்கள், மாநிலவாரிக் கணக்கு என்ன, குடும்பத்துக்கு நஷ்டஈடு கொடுத்தீர்களா என்று லோக்சபாவில் கேட்டார்கள். தொழிலாளர் மந்திரி சந்தோஷ்குமார் கங்வார் எழுத்தில் பதில் தந்தார்: அப்படிப்பட்ட விவரம் வைக்கப்படவில்லை. நஷ்டஈடு? விவரம் இல்லாததால் அந்தக் கேள்வியே எழவில்லை!

அதே இலாகாதான் ஊர் திரும்பியவர்கள் 1 கோடியே 4 லட்சத்துக்கு மேல் என்றது. வந்து சேர்ந்தவர்களை எண்ணிய சர்க்காரிடம், வந்து சேராதவர்களை எண்ண ஏடு இல்லை.

நாலு நாள் கழித்து, 18ஆம் தேதி ராஜ்யசபாவில் டெரிக் ஓ பிரையன் கேட்ட கேள்விக்கு ரயில்வே மந்திரி பியூஷ் கோயல் பதில் சொன்னார். ஷ்ரமிக் ஸ்பெஷல் ரயில்களில் செப்டம்பர் 9 வரை இறந்தவர்கள் 97 பேர். பிரேதப் பரிசோதனைக்குப் போனவை 87. அறிக்கை வந்தவை 51.

ஒரே சர்க்கார், ஒரே வாரம். ஒருவர் கையை விரித்தார், மற்றவர் எண்ணிக்கை சொன்னார். காரணம் மந்திரியின் மனசு அல்ல. ரயிலில் ஒருவர் இறந்தால் மாநில ரயில்வே போலீஸ், அன்றிருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174வது பிரிவுப்படி பதிந்தாக வேண்டும். ரயில்வேயில் எழுத்து வேலை பார்க்கும் நமக்குத் தெரியும், பதிவேட்டில் ஏறியதை இல்லையென்று சொல்வது லேசல்ல.

ஆனால் அந்த 97 முழுக்கணக்கும் அல்ல. மே 8ஆம் தேதி அவுரங்காபாத் பக்கம் தண்டவாளத்தில் அசந்து தூங்கிய 16 தொழிலாளர்கள் சரக்கு ரயிலில் அடிபட்டு மாண்டார்கள். அவர்கள் ஷ்ரமிக் ரயிலில் ஏறியவர்கள் இல்லையே! கேள்வி ரயிலுக்குள் நின்றது. பதிலும் அங்கேயே நின்றது.

அந்தக் கூட்டத்தொடரில் கொரோனாவைச் சொல்லிக் கேள்வி நேரத்தையே எடுத்துவிட்டார்கள். எழுத்துப் பதில் மட்டும்தான். நட்சத்திரக் கேள்வியாக இருந்தால் மந்திரி எழுந்து நின்று வாயால் பதில் சொல்ல வேண்டும். "ஏன் விவரம் வைக்கவில்லை?" என்று துணைக்கேள்வி போடலாம். அதற்கு அன்று வழியில்லை.

இன்னொரு சங்கதி. "விவரம் திரட்டுகிறோம், சபையில் வைப்போம்" என்று மந்திரி சொன்னால் அது உறுதிமொழி. மூன்று மாதத்தில் நிறைவேற்ற வேண்டும். கவனிக்க லோக்சபாவில் 1953 முதலே ஒரு கமிட்டி இருக்கிறது. "விவரம் வைக்கப்படவில்லை" என்றால் உறுதிமொழியும் இல்லை, கெடுவும் இல்லை. பைல் அன்றோடு மூடிவிடும்.

ஆகவே முதலில் நாம் பார்க்க வேண்டியது, ஏடு எந்த ஆபீசில் இருக்கிறது என்பதை. 1979ஆம் வருஷத்து வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் 2020ல் நடப்பில் இருந்தது. காண்டிராக்டர் கொண்டுவந்த ஆளுக்கு மரண விபத்து நேர்ந்தால் இரண்டு மாநில அதிகாரிகளுக்கும் உறவினருக்கும் அவர் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் விதி. அப்படியானால் கேள்வி இதுதான்: "2020ல் அந்த விதிப்படி கேரள அதிகாரிக்கு வந்த அறிக்கைகள் எத்தனை?" ஒன்றும் வரவில்லை என்றால், சட்டம் காகிதத்தோடு சரி என்று சர்க்காரே ஒப்புக்கொண்டதாகும். ஏடு மாநிலத்திடம் இருப்பதால் இதைக் கேட்கும் இடம் டில்லி அல்ல, திருவனந்தபுரம் சட்டசபை. எம்.பி.யை விட்டு எம்.எல்.ஏ.யைப் பிடிக்க வேண்டும்.

அடுத்தது, ஒரு கேள்விக்குள் ஒரு விஷயம். பெட்டிமுடியில் 2020 ஆகஸ்ட் 6ஆம் தேதி இரவு மண் சரிந்து லயங்கள் புதைந்தன. 70 உயிர் போயிற்று. "தோட்டத் தொழிலாளர் வீடுகளைச் சர்க்கார் கவனிக்குமா?" என்று கேட்டால் "கவனிக்கும்" என்று சொல்லி உட்கார்ந்துவிடுவார். இப்படிப் பிரித்துக் கேட்போம்:

(அ) தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்களில் 2025ல் தோட்ட ஆய்வாளர் சோதித்த லயங்கள் எத்தனை?

(ஆ) குடியிருக்கத் தகுதியில்லை என்று எழுதியவை எத்தனை, எந்தெந்த எஸ்டேட்டில்?

(இ) அவற்றில் இன்னும் ஆள் குடியிருப்பவை எத்தனை?

மூன்றுக்கும் எண்ணிக்கைதான் பதில். சொல்லாமல் விட்டால் விட்டது தெரிந்துபோகும்.

தாய்மார்களே, எந்த லயம் ஒழுகுகிறது, எந்தச் சுவர் சாய்ந்திருக்கிறது என்பது உங்களுக்குத்தான் தெரியும். போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் ஏலத்தோட்டத்துக்கு ஜீப்பில் வருகிறவர்கள், ஒரு வண்டியில் எத்தனை பேரை அடைக்கிறார்கள் என்று அறிவார்கள். இடம், தேதி, எஸ்டேட் பெயர் மூன்றையும் எழுதி இந்த மாதக் கடைசிக்குள் சங்கத்தில் கொடுங்கள். கேள்வியாக எழுதி எம்.எல்.ஏ. கையில் சேர்ப்போம். வந்த பதிலை ஓர் எழுத்தும் விடாமல் இந்தப் பத்திரிகையிலேயே போடுவோம்.