கொடியும் கொசுறும்



கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலையைப் பயின்றோர், காவிரிப்பூம்பட்டினத்தில் பறந்த கொடிகளை மறந்திருக்க மாட்டார்கள். கள் விற்கும் இடத்திலும் ஒரு கொடி பறந்ததாம். அதை இந்த அவையில் விரித்துரைக்க வேண்டியதில்லை. இன்று பெயர்ப்பலகை செய்யும் பணியை அன்று கொடி செய்தது. ஆயினும் புலவர் அந்நகர வணிகரைப் போற்றுவது கொடிக்காக அன்று. வாங்குவதில் அளவு மீறாமைக்கும், கொடுப்பதில் குறை வையாமைக்குமே போற்றுகிறார்.

இன்றைய சிறுகடைக்காரர் பேரங்காடிக்கு அஞ்சுகிறார். கைப்பேசியில் பதிவு செய்தவுடன் வீட்டு வாயிலுக்கு வந்துசேரும் பொட்டலத்திற்கும் அஞ்சுகிறார். அஞ்சியவர் உடனே விலையைக் குறைக்க முற்படுகிறார். பிழை அங்கேதான் தொடங்குகிறது. லாரி லாரியாகக் கொள்முதல் செய்வோருக்குக் கிடைக்கும் விலை, பத்து மூட்டை வாங்குபவருக்கு ஒருநாளும் கிடைக்காது. அவர் நிற்க வேண்டிய களம் வேறு.

கடலூரில் நிகழ்ந்ததைப் பார்ப்போம். சின்னி கிருஷ்ணன் என்பார், ஷாம்புவைச் சிற்றுறையில் அடைத்து விற்கும் வழியைக் கண்டவர். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983இல் 15,000 ரூபாய் முதலுடன் தனியே தொழில் தொடங்கித் தந்தையின் பெயரை நினைவூட்டும் 'சிக்' ஷாம்புவை வெளியிட்டார். சிற்றூர்களில் ஊரார் முன்னிலையில் சிறுவரின் தலையைக் கழுவிக் காட்டி, முடியைத் தொட்டும் முகர்ந்தும் பார்க்கச் செய்தனர். பின்னர், எந்த நிறுவனத்தின் வெற்றுறையாயினும் ஐந்து கொணர்ந்தால் ஒரு சிக் உறை இலவசம் என்றனர். போட்டியாளரின் பொருளை வாங்குவோரே தேடி வந்தனர். பழக்கம் வேரூன்றியதும், இனிச் சிக் உறைகளுக்கு மட்டுமே இலவசம் என்று மாற்றிக்கொண்டனர். எத்துணை நுட்பமான திருப்பம்! அந்நிறுவனம் இன்று பெரிது; இவ்வழியைக் கண்டபோது சிறிதே.

கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்காரர்கள் வேறு வழி சென்றனர். தனித்தனியே போட்டியிடுவோர் ஊரின் பெயரைக் காக்க ஒன்றுகூடினர். 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊர்ப்பெயர் எவரோ ஒருவரின் உடைமையாகாமல் அனைவருக்கும் காவலாயிற்று.

இனித் தெருமுனைக் கடை. காய்கறி நிறுத்துக் கொடுத்தபின் ஒரு பிடி கறிவேப்பிலையைப் பையில் இடுகிறார்களே, அந்தக் கொசுறின் அருமையைப் பலர் உணர்வதில்லை. தள்ளுபடி, பொருளின் மதிப்பையே குறைத்து, அடுத்த தள்ளுபடி வரை வாங்குவோரைக் காத்திருக்கப் பழக்குகிறது. கொசுறோ விலை பேசி முடிந்தபின் வருவது, விலையைத் தொடுவதில்லை. ஆனால் தராசு நேர்நின்ற பின்னரே கொசுறு. எடையில் எடுத்ததைக் கொசுறில் ஈடுசெய்யும் கடையை வீட்டார் இரண்டாம் முறையே கண்டுகொள்வர்.

"இம்முறை வந்த துவரம்பருப்பு சுமார்தான், அடுத்த வாரம் வாங்குங்கள்" என்று சொல்லும் கடைக்காரர் அன்றைய விற்பனையை இழக்கிறார், அக்குடும்பத்தின் கலியாண மளிகைப் பட்டியல் அவரிடமே வருகிறது.

கைப்பேசியையும் பகையாக எண்ண வேண்டா. கூகுள் வரைபடத்தில் கடையின் பெயரையும் நேரத்தையும் பதியக் கட்டணம் இல்லை. வீட்டுப் பிள்ளைகள் அரைமணியில் செய்து தருவர். விழா நாளில் கடையடைப்பதாயின், முந்தைய மாலையே அதில் குறித்துவிட வேண்டும். பூட்டிய கதவைக் கண்டு திரும்பியவர், அன்றிரவே வேறெங்கோ பதிவு செய்துவிடுவார்.