மொய்ப் பந்தலில் இருண்ட திரை



ஆடி பிறந்துவிட்டால் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம், பேராவூரணி வட்டாரத்தில் மொய்விருந்துக் காலம். கறிச்சோறு சாப்பிட்டுக் கை கழுவிய கையோடு மொய் எழுதும் மேசைக்கு வருவார்கள். முன்பு தான் வாங்கிய மொய்யைத் திருப்பிச் செய்வதோடு, மேற்கொண்டும் ஒரு தொகை எழுதுவார்கள். அந்த மேல்தொகைக்குப் ‘புது நடை’ என்று பெயர். ஒருமுறை விருந்து வைத்தவர் மறுபடி வைக்கப் பல வருஷம் ஆகும். அதுவரை யாருக்கு எவ்வளவு செய்ய வேண்டும் என்பதற்கு அந்தக் கணக்குதான் சாட்சி. முன்பெல்லாம் நீள நோட்டில் எழுதினார்கள். இப்போது பல பந்தல்களில் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. பேர், ஊர், தொகையைத் தட்டினால் கையில் ரசீது.

அப்படி ஒரு பந்தலிலிருந்து மத்தியான நேரத்தில் எனக்குப் போன் வந்தது. “அண்ணே, ஸ்கிரீன் கருப்பாயிருச்சு. கணக்கு அம்புட்டும் போச்சுண்ணே” என்றான் மொய் எழுதுகிற தம்பி. பழுது பார்ப்பதுதான் என் தொழில். “யாரும் சுவிட்சுல கை வைக்காதீங்க, இந்தா வந்துட்டேன்” என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன்.

போய்ப் பார்த்தால், மேசைக்கு முன்னால் முப்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள். விருந்து வைத்த பெரியவர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருக்கிறார். மானிட்டர் ஓரத்துச் சின்ன விளக்கு ஆரஞ்சு நிறத்தில் மினுக்கிக்கொண்டிருந்தது. கீழே சிபியு பெட்டியில் காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்டது. “தம்பி, கடைசியா தட்டுனதுக்கு எண்டர் அடிச்சியா?” என்றேன். “இல்லண்ணே, அதுக்குள்ள இருட்டிருச்சு.” “இப்ப அடி.” அடித்தான். பிரிண்டர் கரகரவென்று ரசீதைத் தள்ளியது. பேரும் சரி, தொகையும் சரி.

பெட்டிக்கு ஒன்றுமில்லை, வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. படம் மட்டும் மானிட்டருக்குப் போய்ச் சேரவில்லை. மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தேன். சிபியுவிலிருந்து மானிட்டருக்குப் போகும் நீலத் தலை கேபிள், யாரோ கால் இடறியதில் பாதி கழன்று தொங்கியது. இரண்டு பக்கமும் திருகாணி இருந்தும் முறுக்காமல் விட்டிருந்தார்கள். அழுத்தி முறுக்கியதும் திரையில் கணக்கு வந்து நின்றது.

நேயர்களே, திரை இருண்டதும் எல்லோருக்கும் முதலில் வருகிற பயம், உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிட்டதே என்பதுதான். திரை என்பது கண்ணாடி மாதிரி, காட்டுவது மட்டும்தான் அதன் வேலை. சேமித்த கணக்கு சிபியுவுக்குள் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. ஆத்திரப்பட்டு மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டால்தான் சேமிக்காத வேலை நிஜமாகவே போகும். ஆகவே இருண்டது எது, மானிட்டரா பெட்டியா என்று முதலில் பாருங்கள். கீபோர்டில் நம்லாக் பொத்தானைத் தட்டினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியானால் கம்ப்யூட்டர் உயிரோடுதான் இருக்கிறது. விண்டோஸ் 10 அல்லது 11 என்றால் விண்டோஸ், கண்ட்ரோல், ஷிப்ட், பி (B) நான்கையும் ஒருசேர அழுத்திப் பாருங்கள். படம் காட்டும் டிரைவர் மட்டும் புதிதாகத் தொடங்கும், திறந்திருக்கும் வேலைக்குச் சேதம் வராது.

மானிட்டர் விளக்கே எரியவில்லையா? அதற்கு வருகிற பவர் கேபிளைப் பாருங்கள். விளக்கு எப்போதும்போல எரிந்தும் திரை கருப்பா? டார்ச்சைத் திரைமேல் சாய்த்து அடித்துப் பாருங்கள். எழுத்துகள் மங்கலாகத் தெரிந்தால், பின்னாலிருந்து வெளிச்சம் தரும் விளக்குதான் போயிருக்கிறது. மானிட்டரை மாற்றினால் வேலை நடக்கும்.

காற்றாடி சுற்றுகிறது, நம்லாக் அசையவில்லை, படமும் இல்லை என்றால் என் கை முதலில் போவது ரேமுக்குத்தான். எங்கள் பக்கத்து ஆடிக்காற்று புழுதியை அள்ளிக்கொண்டு வரும். பந்தலுக்குப் பந்தல் வேனில் ஏற்றி இறக்குகிற ஆட்டத்தில் ரேம் தன் பள்ளத்தில் லேசாக எழும்பிவிடும். பிளக்கைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடி அழுத்திப் பிடியுங்கள். பெட்டியின் தகரத்தைத் தொட்டு உடம்பிலுள்ள நிலைமின்சாரத்தை இறக்குங்கள். பக்கத்துக் கொக்கியை விலக்கினால் ரேம் மேலே வரும். அதன் தங்க நிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூளை ஊதிவிட்டு, ‘டக்’ என்று கொக்கி விழும்வரை அழுத்துங்கள்.

2018 நவம்பர் 16இல் கஜா புயல் அடித்தபோது இந்தப் பகுதியே தென்னையை இழந்து, கரண்ட் இல்லாமல் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தது. கரண்ட் வந்த பிறகு ஈரத்தில் கிடந்த கம்ப்யூட்டர்களை ஒவ்வொருவராகத் தூக்கி வந்தார்கள். எல்லாவற்றிலும் ஒரே குறை, திரை வரவில்லை. சிலவற்றில் போர்டே பாசி பிடித்தாற்போலப் பச்சையாகிப் போயிருந்தது. ஆனால் பலவற்றை அந்த ரப்பர்தான் பிழைக்க வைத்தது. ஒரு அக்கா தன் பிள்ளைகளின் போட்டோ மறுபடி திரையில் வந்ததும் அழுதுவிட்டார்.

ஒன்றை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். கரண்ட் கம்பி வந்து சேருகிற எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் யாரும் திறக்காதீர்கள். அதிலுள்ள கெபாசிட்டரில் 300 வோல்டுக்கு மேல் தேங்கியிருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது கொஞ்ச நேரம் நிற்கும். தெரிந்தவரிடம் கொண்டுபோய்க் கொடுங்கள்.

பந்தலில் மைக் செட், சீரியல் லைட், கம்ப்யூட்டர் எல்லாம் ஒரே ஜெனரேட்டரில் ஓடுவதை அடிக்கடி பார்க்கிறேன். லோடு ஏறி இறங்கும்போது வோல்டேஜும் ஏறி இறங்கும். நடுவில் நல்ல பேட்டரியோடு ஒரு யுபிஎஸ் இருந்தே ஆக வேண்டும். மணிக்கொரு தரம் கணக்கைப் பென்டிரைவில் ஏற்றிக்கொள்ளுங்கள்.

அன்றைக்குச் சாயங்காலம், வரிசையில் கடைசி ஆளும் எழுதி முடித்த பிறகு, பெரியவர் என்னைப் போக விடவில்லை. “தம்பி, மொத்தத்தையும் தாள்ல எடுத்துக் குடுத்துட்டுப் போ” என்றார். எடுத்துக் கொடுத்தேன். சூடு ஆறாத அந்தத் தாள்களை மடியில் வைத்துக்கொண்டு, முதல் பெயரின்மேல் விரலை வைத்து, ஊரோடு சேர்த்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார்.