காயத்தைக் கட்டிய கை



நல்ல சமாரியர் உவமையைக் கேட்கும்போதெல்லாம் நாம் நம்மைச் சமாரியரின் இடத்தில்தான் வைத்துப் பார்க்கிறோம். இன்று, வழியோரம் அடிபட்டுக் கிடந்தவரை நினைப்போம். கண் விழித்ததும், தம் காயத்தைக் கட்டியவர் யாரென்று கண்டபோது அவருக்கு எப்படி இருந்திருக்கும்? சிறு வயது முதல் தாம் ஒதுக்கிப் பழகிய இனத்தாரின் கை அல்லவா அது!

மியான்மார் நாட்டில் இது நடந்திருக்கிறது. 2021 பிப்ரவரி 1ஆம் நாள் இராணுவம் ஆட்சியைப் பிடித்தது. வீதிகளில் அமைதியாக எதிர்த்தவர்கள் சுடப்பட்டார்கள். தப்பிய மாணவர்களும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் எல்லைப்புற மலைகளுக்கு ஓடினார்கள். அவர்களில் பெரும்பாலோர் பௌத்தரான பர்மியர். மலைமக்கள் நாட்டைத் துண்டாடுபவர்கள் என்று கேட்டே வளர்ந்தவர்கள். அவர்களுக்குச் சோறும் இடமும் கொடுத்தவர்கள் அதே கரேன், கரென்னி, கச்சின் மக்கள். கிறிஸ்தவர்கள் இவர்களிடையே ஏராளம். துப்பாக்கி பிடிக்கவும் இவர்களே கற்றுக்கொடுத்தார்கள். பல இனத்து இளைஞர்கள் ஒரே படையில் சேர்ந்தார்கள்.

துப்பாக்கி என்றதும் நமக்கு நெருடுகிறது. நெருடத்தான் வேண்டும். மியிச்சினா நகர வீதியில், காவலர்களுக்கு முன் மண்டியிட்டு, இளைஞர்களைச் சுடாதீர்கள் என்று கெஞ்சிய அருள்சகோதரி ஆன் ரோஸ் நு தாங் அவர்களை நாம் மறக்கவில்லை. ஆனால் நாம் யாரும் அந்த மலைகளில் இல்லை. 2021 மே மாதம் லொய்க்கா மறைமாவட்டத்தில் கயான் தார்யார் ஊரில் திரு இருதய ஆலயத்துக்குள் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மேல் குண்டு விழுந்து நால்வர் மாண்டார்கள். 2023 நவம்பரில் லொய்க்கா கிறிஸ்து அரசர் பேராலய வளாகத்தை இராணுவம் எடுத்துக்கொண்டது. ஆயர் செல்சோ பா ஷ்வே வெளியேற வேண்டியதாயிற்று. வீடிழந்து காட்டில் பிள்ளைகளோடு படுத்திருப்பவரிடம் இங்கிருந்துகொண்டு நாம் எளிதாகப் பேசிவிட முடியாது.

நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. எதிரி ஒருவன் என்பதால் சேர்ந்தவர்கள், அவன் போனபின் சேர்ந்திருப்பார்களா? 2017இல் ரோகிங்கியா முஸ்லிம்கள் ஏழு இலட்சம் பேருக்கு மேல் வங்கதேசத்துக்கு ஓடியபோது பர்மியர் பலர் வாளாவிருந்தார்கள். தங்கள்மேல் குண்டு பாய்ந்த பிறகு, அவர்களில் சிலர் வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டார்கள். அது பெரிய காரியம். ஆயினும் 2024இல், இராணுவத்தை எதிர்த்து நிற்கும் படைகளுள் ஒன்றான அரக்கான் படையின்மீதே ரோகிங்கியாக்களைக் கொன்றதாகக் குற்றச்சாட்டு எழுந்தது. கூட்டணியின் கதவு அவர்கள் வாசலில் மூடிக்கொண்டது.

நம் பங்கிலும், ஒரே பந்தியில் அமரத் தயங்கும் குடும்பங்கள் உண்டு. வெள்ளமோ புயலோ வந்த இரவில் மட்டும் ஒரே கூரையின்கீழ் படுத்தோம். மறுவாரம் பழையபடி ஆனோம்.

இந்த வாரச் செபமாலையில் ஒரு பத்து மணியை லொய்க்கா மக்களுக்காகவும், அகதி முகாம்களில் இருக்கும் ரோகிங்கியா தாய்மாருக்காகவும் சேர்த்தே ஒப்புக்கொடுப்போம்.