வண்ணம் ஏற்றும் முன் வீட்டுப் பெரியவரைக் கேளுங்கள்



பழைய கருப்பு வெள்ளைப் படங்களுக்கு வண்ணம் ஏற்றுவது இன்று உலகம் முழுவதும் நடக்கிறது. நூறு வருடத்துக்கு முந்தைய லண்டன் சந்தையும் டோக்கியோ தெருவும் கல்கத்தா படித்துறையும் வண்ணத்தோடு நம் செல்போனுக்கு வருகின்றன. எப்போதோ முடிந்துபோன காலம் அடுத்த தெருவுக்கு வந்துவிடுகிறது. அந்த மகிழ்ச்சி எனக்கும் உண்டு. ஆனால் செகந்திராபாத் லோத்குண்டாவின் தமிழ்க் குடும்பங்கள் கூடியிருக்கும் இந்த அவையில் நான் ஒரே ஒரு கேள்வியை வைக்கிறேன். அந்த நிறம் யார் சொன்ன நிறம்?

நம் ஊரிலிருந்தே தொடங்குவோம். 1886இல் செகந்திராபாத்தில் ஸ்டூடியோ திறந்தவர் ராஜா தீன் தயாள். மீரட் பக்கத்துச் சர்தானாவில் பிறந்து, ரூர்க்கியில் பொறியியல் படித்து, இந்தூரில் பொதுப்பணித் துறை வேலை பார்த்தவர். ஹைதராபாத்தின் ஆறாம் நிஜாம் மஹபூப் அலி கானின் அரசவை ஒளிப்படக்காரராக உயர்ந்தார். அரண்மனைகளை எடுத்தார், வேட்டைகளை எடுத்தார், கண்டோன்மென்ட் பட்டாளங்களை எடுத்தார். பஞ்ச நிவாரணப் பணிகளையும் எடுத்தார். திரைக்குப் பின்னால் வாழ்ந்த பெண்களுக்காக 1892இல் தனி ஸ்டூடியோ வைத்து, அதைப் பெண் ஒருவரிடமே ஒப்படைத்தார். அவருடைய 2,857 கண்ணாடி நெகடிவ்கள் இன்று டெல்லி இந்திரா காந்தி தேசிய கலை மையத்தில் இருக்கின்றன.

மதராஸ் ராணுவத்தோடும் அதன் பின்னாலும் போலாரத்துக்கும் திருமலகிரிக்கும் வந்து சேர்ந்த தமிழர்களின் பிள்ளைகள் நாம். தீன் தயாள் வாழ்ந்த அதே செகந்திராபாத்தில்தான் நம் முன்னோர் அரிசி வாங்கினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், ஸ்டூடியோவுக்குப் போய் நிமிர்ந்து உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் காலத்து ஒளிப்படத் தகடு நிறத்தை எப்படிப் பார்த்தது என்று தெரிந்துகொள்ளுங்கள். அதில் பூசிய வெள்ளி உப்பு நீல ஒளியைத்தான் நன்றாக உணரும். சிவப்பு அதற்குத் தெரியவே தெரியாது. அதனால் நீல வானம் வெள்ளையாக விழும். குங்குமம் கருப்பாக விழும். மஞ்சள் பூசிய முகமும் வெயிலில் உழைத்த மேனியும் உள்ளதைவிடக் கறுத்து விழும். சிவப்பையும் உணரும் தகடுகள் 1906 வாக்கில்தான் கடைக்கு வந்தன. அதற்குப் பிறகும் பல ஸ்டூடியோக்கள் பழைய வகையையே நெடுநாள் வைத்திருந்தன.

இப்போது இந்த அரங்கின் சுவரில் மாட்டியிருக்கும் கல்யாணப் படத்தைப் பாருங்கள். பெண்ணின் புடவை கருப்பாகத் தெரிகிறது. நம் வீட்டில் கல்யாணப் பெண்ணுக்குக் கருப்புப் புடவை கட்டுவோமா? அந்த வீட்டுப் பேத்தி அதை வண்ணமேற்றும் செல்போன் செயலியில் போட்டிருக்கிறாள். அது சாம்பல் கலந்த ஊதாவாக்கிக் கொடுத்துவிட்டது. அவளுடைய பாட்டி அதைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “இது எங்க அம்மா கல்யாணம்ப்பா. அந்தப் புடவைய நான் பெட்டியில பாத்திருக்கேன். அரக்கு. கரை மாம்பழ மஞ்சள்.” எந்த இயந்திரத்துக்கும் தெரியாத ஒன்று அந்த ஒரு வாயில் இருந்தது!

அந்தச் செயலி எப்படி வேலை செய்கிறது? லட்சக்கணக்கான வண்ணப் படங்களைப் பார்த்துப் பழகியிருக்கிறது. சாம்பல் நிறத்தைக் கண்டதும், பெரும்பாலும் இது என்ன நிறமாக இருக்கும் என்று ஊகிக்கிறது. புல்லுக்குப் பச்சை என்பது சரியாகிவிடும். ஆனால் அது பழகிய படங்களில் நம் கூறைப்புடவை எத்தனை? நம் திருநீறும் தாழம்பூவும் எத்தனை?

நிஜமான நிறத்தைப் பிடிக்கவும் மனிதன் பாடுபட்டிருக்கிறான். பிரான்ஸின் லூமியேர் சகோதரர்கள் 1907இல் உருளைக்கிழங்கு மாவுத் துகள்களுக்குச் சாயமேற்றித் தகட்டில் பரப்பி வண்ணப்படம் எடுக்க வழி செய்தார்கள். ஆல்பர் கான் என்ற வங்கி முதலாளி அந்தத் தகடுகளைக் கொடுத்து உலகெங்கும் ஆட்களை அனுப்பினார். 1909 முதல் 1931 வரை ஏறத்தாழ 72,000 படங்கள் சேர்ந்தன. அவர் அனுப்பிய ஸ்தெஃபான் பாஸே 1913-14இல் இந்தியாவுக்கும் வந்தார். அந்தப் படங்களில் நிறத்துக்கு வெளிச்சமே சாட்சி.

பின்னால் ஏற்றும் நிறத்துக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை. நம் மாயாபஜார் திரைப்படம் 2010இல் வண்ணம் பெற்றுத் தெலுங்கில் வந்தபோது இந்த ஊரே பார்த்து மகிழ்ந்தது. அது இதே ஹைதராபாத்தில் நடந்த வேலை. கதைப் படத்தில் கற்பனைக்கு இடமுண்டு. அதில் வரும் கடோத்கஜனின் பட்டுக்கு எந்த நிறம் கொடுத்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை. உங்கள் தாத்தாவின் படம் கதையா? அது சாட்சி! சாட்சியைத் திருத்தினால் என்ன ஆகும் என்று 2021இல் உலகம் பார்த்தது. கம்போடியாவின் துவோல் ஸ்லெங் சிறையில் கொலைக்கு முன் எடுக்கப்பட்ட கைதிகளின் படங்களுக்கு ஒருவர் வண்ணம் ஏற்றினார். சிலருடைய முகத்தில் சிரிப்பையும் சேர்த்தார். உறவினர்கள் கொதித்தார்கள். வெளியிட்ட இதழ் அவற்றை எடுத்துவிட்டது. நிறத்தில் கை வைத்தவருக்கு முகத்தில் கை வைக்க எவ்வளவு நேரம் ஆயிற்று?

அதனால் உங்களிடம் மூன்று வேண்டுகோள். முதலாவது, மூலப் படத்தைத் தொடாதீர்கள். கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள், அப்படியே ஸ்கேன் செய்து நகலில் வேலை பாருங்கள். இரண்டாவது, வண்ணம் ஏற்றும் முன் வீட்டுப் பெரியவர் பக்கத்தில் உட்காருங்கள். புடவை என்ன நிறம், அந்தத் திண்ணைக்கு என்ன பூச்சு, பின்னால் நிற்பவர் யார், எந்த ஊர், எந்த வருடம் என்று கேளுங்கள். கேட்டதைப் படத்தின் பின்புறம் மென்மையான பென்சிலால் எழுதுங்கள். பேனா மை ஊறி முன்பக்கம் வந்துவிடும். மூன்றாவது, வண்ணமேற்றிய நகலை யாருக்கு அனுப்பினாலும் ‘வண்ணம் பின்னால் ஏற்றியது’ என்றும், நிறம் சொன்னவர் யார் என்றும் சேர்த்து எழுதுங்கள்.

செயலி அடுத்த வருடம் இன்னும் கெட்டிக்காரத்தனமாக வரும். எண்பதைத் தாண்டிய நம் பாட்டிக்கு அப்படி ஓர் அடுத்த வருடம் உறுதியில்லை. ஆகவே நாம் அவசரமாகப் போக வேண்டியது இயந்திரத்திடம் இல்லை, பெரியவர்களிடம்தான். அடுத்த கூட்டத்துக்கு ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒரு படம் வரட்டும். அதன் பின்னால் பெரியவர் சொன்ன நாலு வரியும் வரட்டும். லோத்குண்டா தமிழரின் வாழ்க்கையை, அதை வாழ்ந்தவர்களின் வாக்காலேயே நாம் எழுதி வைப்போம்.