முதுகில் எழுதிய வடசொல்
(பென்னலூரில் ஆற்றப்பெற்ற உரை)



பென்னலூருக்கு அண்டையில் இருங்காட்டுக்கோட்டை. பெயரில் கோட்டை உண்டு. 1998 முதல் அங்கிருந்து அணியணியாகப் புறப்படுவனவோ மகிழுந்துகள். இவ்வட்டாரம் முன்னாளில் கண்ட அணிவகுப்புகள் வேறு.

தென்கிழக்கே மணிமங்கலம். பல்லவன் நரசிங்கவர்மன் சளுக்கியன் புலிகேசியை அங்கே முறியடித்தான் எனக் கூரம் செப்பேடு கூறும். புறங்காட்டிய பகைவன் முதுகையே ஏடாக்கி அதன்மேல் வெற்றியை எழுதினானாம் மன்னன். எழுதிய சொல், 'விசய' என்னும் வடசொல். 'வெற்றி' என்னும் தமிழ்ச்சொல் அன்றும் இருந்தது. முதுகிலும் இடம் இருந்தது.

காஞ்சிக்கு வடகிழக்கே உள்ளது புள்ளலூர். 1780-இல் மைசூர் ஐதரலி பெரும்படையுடன் இறங்கியபோது, வெள்ளையர் தலைவன் முன்றோ காஞ்சியில் இருந்தான். அவனோடு சேரக் குண்டூரிலிருந்து வந்தவன் பெய்லி. ஆகத்து 25-ஆம் நாள் கொற்றலையாற்றின் வடகரையை அடைந்தான். ஆறு கடக்கும்படியே இருந்தது. காலையில் கடக்கலாம் என்று படுத்தான். இரவில் வெள்ளம் வந்தது. ஒரு கிழமைக்கு மேல் கரையிலேயே கிடந்தான். செபுத்தம்பர் 9 இரவு, காஞ்சிக்குச் சில கல் தொலைவே எஞ்சியிருக்க, மறுபடியும் ஓய்வு! போர்க்களத்தில் உறக்கத்தை இத்துணை மதித்த தலைவர் அரியர். விடிந்ததும் திப்புவும் ஐதரும் சூழ்ந்தனர். மருந்து வண்டிகள் வெடித்தன, படை அழிந்தது. பெய்லி சீரங்கப்பட்டினச் சிறையில் 1782-இல் மாண்டான். முன்றோ என்ன செய்தான்? வெடியோசை கேட்கும் தொலைவில் இருந்தும் உரிய பொழுதில் போய்ச் சேரவில்லை. பின்னர்ப் பெரும் பீரங்கிகளைக் காஞ்சிக் கோயில் குளத்தில் எறிந்துவிட்டுச் செங்கற்பட்டு வழியே சென்னைக்குப் பின்வாங்கினான். அக்குளம் அதுவரை கண்ட காணிக்கைகளுள் அவ்வளவு எடையுள்ளது பிறிதொன்று இருந்திராது.

அப்போர்களில் மைசூரார் ஏவிய வாணங்கள் பெரிதும் பேசப்படுவன. ஐரோப்பியரிடம் இருந்தவை தாட்குழல் வாணங்கள். மைசூராருடையவை இரும்புக் குழல். ஆதலின் மிகுந்த மருந்தைத் தாங்கின, நெடுந்தொலைவு பாய்ந்தன. 1799-இல் சீரங்கப்பட்டினம் வீழ்ந்தபின் அவற்றை ஆங்கிலர் உல்விச்சுக்குக் கொண்டுபோயினர். காங்கிரீவு என்பான் அவற்றைப் பார்த்துத் தானும் செய்தான். 1807-இல் கோப்பனேகன் நகர் அவற்றால் எரிந்தது. பட்ட அடியைப் பாடமாக்கி, தொடர்பே இல்லாத தேனியர் தலையில் இறக்கிய கெட்டிக்காரத்தனத்தை என்னென்பது!

இதைத் தமிழர் வாகை எனக் கொண்டாடுவோர் ஒன்றை நினைக்கவேண்டும். சென்னையைச் சூழ்ந்த சிற்றூர்களை ஐதரின் ஆணைப்படி எரித்தனர். வெந்தவை தமிழன் கூரைகள். மறு ஆண்டு ஆகத்து 27-இல் அதே புள்ளலூரில் மீண்டும் போர் நடந்தது. அதில் இறந்த ஆங்கில அலுவலர் இருவர்க்குக் கல்தூண்கள் அங்கே நிற்கின்றன. கூரை இழந்தோர்க்குக் கூழாங்கல்லும் இல்லை.

அக்காலம் விட்டுச்சென்ற சொற்களையும் பாருங்கள். பீரங்கி பரங்கியின் பெயர். துப்பாக்கி துருக்கியச் சொல். சிப்பாய் பாரசீகம். சுட்டவன், சுடப்பட்டவன், சுட்ட கருவி மூவரும் அயற்பெயரில் திரிய, வலி மட்டும் தூய தமிழில் இருந்தது. துமுக்கி என்று சொன்னால் இன்றும் சிலர் நகைக்கின்றனர். துப்பாக்கி என்றால் நகைப்பதில்லை, நடுங்குகின்றனர்.

இன்று ஆவடிக்கு வருவோம். அங்கே 1965-இல் வெளிவந்த முதல் தகரியின் பெயர் விசயந்தா. வரைவு ஆங்கிலருடையது, வியர்வை பெரிதும் தமிழருடையது, பெயர் வடவருடையது. புலிகேசியின் முதுகில் எழுதிய அதே சொல், பதின்மூன்று நூற்றாண்டு கடந்து இரும்பின்மேல் ஏறி வந்தது! பின்னர் வந்தவை அசேயா, பீசுமா, அர்ச்சுன். 2021-இல் அத்தொழிற்சாலை சேர்க்கப்பட்ட நிறுவனத்தின் பெயரிலும் 'நிகம்' என்றே உள்ளது.

அர்ச்சுன் கதை தனியே சொல்லத்தக்கது. அதியமானுக்காகக் காஞ்சிக்குத் தூது வந்த ஔவையார்க்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். எல்லாம் பூண்டு பொலிந்து பளபளத்தன. அதியமான் கருவிகளோ நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்றார் அவர். புகழ்ச்சி போன்ற இகழ்ச்சி. போர் முடிந்த கருவியே அன்று உலைக்குச் சென்றது. ஆவடியில் வகுக்கப்பெற்ற அர்ச்சுனோ 1974-இல் ஒப்புதல் பெற்று, படையிற் சேர்ந்தது 2004-இல். போர் காணுமுன் முப்பது ஆண்டு பட்டறை வாசம். அத்தனை ஆண்டுகளிலும் ஒரு தமிழ்ப் பெயர் தேட ஒருவர்க்கும் பொழுது வாய்க்கவில்லை.