நோயாளியை நலம் விசாரித்தல்

 

மதீனாவின் மஸ்ஜிதைக் கூட்டிச் சுத்தம் செய்துவந்த ஒரு பெண்மணி காலமானார். ஸஹாபாக்கள் அதனை நபி (ஸல்) அவர்களுக்கு அறிவிக்கவில்லை. அவரைக் காணாது விசாரித்த நபியவர்கள், அறிவித்திருக்கக் கூடாதா எனக் கேட்டு, கப்றைக் காட்டச் சொல்லி, அங்கு சென்று தொழுதார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவான சம்பவம் இது. அப்பெண்ணின் விடயத்தை அவர்கள் அற்பமாகக் கருதிவிட்டார்கள் போலும் என்ற பொருள்பட அறிவிப்பாளர் ஒரு சொல்லையும் சேர்க்கிறார்.

அந்தச் சொல் நம் மலையகத்தையும் நினைவூட்டுகிறது. 1948ஆம் ஆண்டுச் சட்டத்தினால் தோட்ட மக்களில் பெரும்பாலோர் பிரஜாவுரிமை இழந்தனர். நாட்டின் ஏனையோருக்கு இலவச வைத்தியம் அரசிடமிருந்து கிடைத்தபோது, இவர்களுடைய வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் டிஸ்பென்சரியோடு நின்றது. தோட்ட வைத்தியசாலைகளை அரசு பொறுப்பேற்கும் வேலை இன்றும் முற்றுப்பெறவில்லை. 2016ஆம் ஆண்டின் தேசிய ஆய்வின்படி, வயதுக்கேற்ற உயரமற்ற ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாடளாவிய ரீதியில் 17 வீதம். தோட்டங்களில் ஏறத்தாழ 32 வீதம்.

டிக்கோயாவில் இந்திய உதவியுடன் கட்டப்பட்ட 150 கட்டில்கள் கொண்ட வைத்தியசாலை 2017இல் திறக்கப்பட்டது. நல்ல விடயம். ஆனால் மேற்பிரிவு லயத்திலிருந்து இறங்கி வர வேண்டுமே! கொழுந்து பறிக்கும் தாய் கிளினிக்குக்குப் போனால் அன்றைய பேர் போய்விடும். முச்சக்கர வண்டிக் கூலி வேறு. வந்து சேர்ந்தாலும் வைத்தியர் சிங்களத்தில் கேட்பார்; அவள் விளங்காமலே தலையாட்டுவாள். மருந்தைக் காலையில் குடிப்பதா, இரவில் குடிப்பதா என்பது தெரியாமலே வீடு திரும்புவாள்.

ஹட்டனிலும் தலவாக்கலையிலும் சம்பள நாளில் நம் கடைகளுக்கு அரிசியும் மாவும் வாங்க வருபவர்கள் இவர்கள்தாம். அன்று மட்டும் "வாங்கம்மா" என்று வாய் நிறைய அழைக்கிறோம்! நோயாளியை ஏன் விசாரிக்கவில்லை என்று மறுமையில் அல்லாஹ் வினவுவான் என ஹதீஸ் குத்ஸியில் வருகிறதே, அந்த நோயாளி எந்த லயத்தில் இருப்பார் என்று நாம் யோசித்ததுண்டா?

இளைஞர்களே, உங்களில் பலருக்கு இரு மொழியும் தெரியும். கிளினிக் நாளில் ஒரு மணி நேரம் வரிசையருகே நின்று, கேட்பவருக்கு மொழிபெயர்த்துக் கொடுங்கள். முச்சக்கர வண்டி ஓட்டுபவர்கள், நள்ளிரவில் பிரசவ வலியென்று தோட்டத்திலிருந்து அழைப்பு வந்தால் இரட்டைக் கூலி கேட்காதீர்கள்.

பெற்றோர்களே, உங்கள் மகள் தாதியாகவோ குடும்பநல உத்தியோகத்தராகவோ பயில விரும்பினால், தோட்டப் பக்கம் வேலை கிடைக்கும் என்று அஞ்சி அவளைத் தடுக்காதீர்கள். தமிழ் பேசும் ஒருத்தி வருவாளா என்று அங்கே தாய்மார்கள் காத்திருக்கிறார்கள்.