பறிகொடுத்தோரும் பங்கும்

(ஜூபிலி விழாவையொட்டி, பங்கின் மரித்த விசுவாசிகளுக்கான திருப்பலிக்குப் பின் ஆற்றிய உரை)



ஜூபிலி என்றால் மகிழ்ச்சிதான். ஆயினும் இக்கோயிலில் நம்மோடு முழங்காலிட்ட பலர் இன்று கல்லறையில் துயில்கிறார்கள். அவர்களைப் பறிகொடுத்தவர்கள் இங்கே நம் நடுவில் அமர்ந்திருக்கிறீர்கள். ஆகவே புதிய ஏற்பாட்டிலுள்ள ஒரு கிரேக்கச் சொல்லைப் பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

அச்சொல் ‘ஒர்பனோஸ்’. அநாதைப் பிள்ளையைக் குறிக்கும் ‘ஆர்ஃபன்’ என்ற ஆங்கிலச் சொல் இதிலிருந்தே வந்தது. ஆனால் கிரேக்கத்தில் இதன் பொருள் இன்னும் விரிந்தது. தாய் தந்தையை இழந்த பிள்ளையை மட்டுமல்ல, பிள்ளையை இழந்த பெற்றோரையும் இச்சொல்லால் குறிப்பதுண்டு. நாம் ‘பறிகொடுத்தவர்’ என்கிறோமே, அதற்கு மிக நெருங்கியது.

புனித சின்னப்பர் தெசலோனிக்காவில் போதித்தபோது கலகம் எழுந்தது. சகோதரர்கள் அவரை இரவோடிரவாக அனுப்பிவைத்தார்கள். பின்னர், சுமார் கி.பி. 50-இல், அவர்களுக்கு எழுதிய முதல் நிருபத்தின் இரண்டாம் அதிகாரத்தில், பிள்ளைகளைப் பேணும் தாய்க்கும், புத்தி சொல்லும் தந்தைக்கும் தம்மை ஒப்பிடுகிறார். உடனே 17-ஆம் வசனத்தில், உங்களை விட்டுப் பிரிந்தோம் என்று சாதாரணமாகச் சொல்லாமல், ‘அபொர்பனிசோ’ என்ற வினையைப் போடுகிறார். புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் இது வருவதில்லை. தந்தை நிலையில் இருப்பவர், பெற்றோரை இழந்த பாலகனைப்போல் பேசுகிறாரே என்று புனித கிறிசோஸ்தோம் அருளப்பர் வியந்து விளக்கினார்.

நம் தாய்மாருக்கு இது புதிதன்று. மகனை இழந்த தாய் ‘என்னைப் பெத்த ராசா’ என்றுதானே கதறுகிறாள்? பெற்றவள் அவள், ஆனால் துக்கத்தில் அவளே பிள்ளையாகிவிடுகிறாள். 2004 ஜூலை 16-இல் கும்பகோணத்துப் பள்ளித் தீவிபத்தில் 94 குழந்தைகள் மாண்டபோதும், அதே ஆண்டு டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை நாகை, வேளாங்கண்ணிக் கரைகளில் உயிர்களை வாரிச் சென்றபோதும், நம் சீமை அந்தக் கதறலைக் கேட்டது.

கொள்ளிடத்தின் வடகரையில் ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் எடுத்த வீரமாமுனிவரும் இத்துயரை அறிந்தவர். தேம்பாவணியில் ஸ்நாபக அருளப்பருக்குக் கருணையன் என்று பெயரிட்டார். தாய் எலிசபெத்தைக் காட்டில் அடக்கம் செய்துவிட்டுக் கருணையன் புலம்புவதையும், மரமும் பறவையும் கூடவே அழுவதுபோல் ஒலிப்பதையும் பாடினார். ஒரு புனிதரை அழவிடுவதற்கு அவர் கூசவில்லை.

நாமோ இழவு வீட்டில் ‘கடவுள் சித்தம், அழாதே’ என்று வாயை அடைத்துவிடுகிறோம். அழுவது விசுவாசக் குறைவன்று. அப்போஸ்தலரே தம்மைப் பறிகொடுத்தவர் என்று சொல்லிக்கொண்டாரே!

இன்னொன்றையும் கவனியுங்கள். அருளப்பர் நற்செய்தி 14-ஆம் அதிகாரத்தில், சீடரை ‘ஒர்பனோஸ்’ ஆக விடுவதில்லை என்று வாக்களிக்கும் ஆண்டவர், தாமே அவர்களிடம் வருவதாகச் சொல்கிறார். யாகப்பர் தம் நிருபத்தின் முதல் அதிகாரத்தில் அநாதைகளையும் விதவைகளையும் சென்று விசாரிப்பதே தூய பக்தி என்கிறார். திரும்பிப் போக வழியில்லாத சின்னப்பரோ, தமக்குப் பதிலாகத் தீமோத்தேயுவை அனுப்புகிறார். மூன்று இடத்திலும் துக்கத்திற்கு விளக்கம் சொல்லப்படவில்லை, ஒருவர் வருகிறார்.

துக்கம் விசாரிப்பது நம் ஊர் வழக்கம். ஆனால் முப்பதாம் நாள் பூசையோடு நாம் நின்றுவிடுகிறோம். அதன்பிறகுதான் அந்த வீட்டில் அமைதி கனக்கிறது. அறுவடை முடிந்து நெல் வீடு வரும் நாளிலும், கிறிஸ்மஸ் இரவிலும் அங்கே ஓர் இடம் வெறுமையாக இருக்கும். அந்த நாளில் போங்கள். பேசத் தெரியாவிட்டால் திண்ணையில் சற்று உட்கார்ந்திருங்கள். போக முடியாதவர்கள் சின்னப்பரைப்போல் ஒருவரை அனுப்புங்கள்.

இந்த ஜூபிலி ஆண்டில் ஒவ்வொரு குடும்பமும் இப்படி ஒரு வீட்டை ஏற்றுக்கொண்டால், கோயிலுக்கு அடித்த வெள்ளையைவிட அது நெடுநாள் நிற்கும். இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.